முழங்கைக்குக் கீழே

நோர்பி பண்ணை
1874 ஜூன் 3

சிசெல்,

நீ மறந்துவிட்டுப் போன நீலத் தலைத்துணி இத்துடன் வருகிறது. துவைக்கவில்லை. துவைக்க எனக்கு மனசு வரவில்லை.

பண்டிகைக்கு மூன்று நாள் வந்தாய், சிரித்தாய், கேக் தின்றாய், ஊருக்குப் போய்விட்டாய். இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் எழுதிவிடுகிறேன். மனசுக்குள் வைத்திருந்தால் எனக்குத்தான் நெஞ்செரிச்சல்.

அந்த ஓவியர் லுண்டிங் வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, எஜமானியிடம் பாலறையை வரைய வேண்டும் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இங்க என்ன இருக்கு வரையறதுக்கு? பாலும் தொட்டியும்தான்" என்றேன். "அதேதான் வேணும். நீங்களும் நில்லுங்க, வழக்கம்போல வேலையைப் பாருங்க" என்றார். அன்று சாயங்காலமே என் ஏப்ரனுக்குக் கஞ்சி போட்டேன். சிரிக்காதே. முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒரு மனிதர் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். ஒன்பது நாள், சிசெல். அதில் நாலு நாள் கையை மட்டுமே வரைந்தார். வெந்நீர்க் கொப்பரை சாய்ந்து வெந்துபோன தழும்பை நான் சட்டைக்கையை இழுத்து மறைத்தபோது, "வேணாம், அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

பத்தாம் நாள் நீ வாசற்படியில் வந்து நின்றாய், நீலத் துணியோடு. மனிதர் தூரிகையைக் கீழே வைத்தார். உன்னைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து, ரொட்டியில் தடவிய கொழுப்பை வழிப்பதுபோல என் முகத்தைப் படத்திலிருந்து வழித்தெடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதோடு விட்டாரா? உன் முகத்துக்கு வெளிச்சம் போதவில்லையாம். பாலறைத் தெற்குச் சன்னலுக்கு நிழல் தரும், வெள்ளைப் பூப் பூக்கும் ஹில்டு மரத்தை வெட்டச் சொன்னார். வெட்டுவதற்கு முன் மரத்துக்குள் ஆவியாகக் குடியிருக்கும் ஹில்டு அம்மாவிடம் மூன்று தடவை அனுமதி கேட்க வேண்டும் என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும், யாரும் கேட்கவில்லை. சன்னல் பலகைகளையும் விரியத் திறந்தாயிற்று. ஆறு தொட்டிப் பால், ஆடை மேலே வருவதற்குள் புளித்துத் திரிந்துபோனது. எஜமானி வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைத்தான் திட்டினாள். உன் முகத்துக்கு வெளிச்சம், என் பாலுக்குப் புளிப்பு.

கிறிஸ்துமசுக்கு இங்கே வராதே.

போடில்


ஸ்வெண்ட்போர்க்
1874 ஜூன் 12

அக்கா,

அவர் நில் என்றார், நின்றேன். ஒன்றரை மணி நேரம். அதற்கு இத்தனை பெரிய கடிதமா? கழுத்து வலித்ததுதான் மிச்சம். எனக்கு ஒரு காப்பிகூட அவர் வாங்கித் தரவில்லை.

உன் முகத்தை ஏன் வழித்தார் என்று நானே கேட்டேன். நீ கேட்டிருக்க மாட்டாய், உனக்கு ரோஷம். "உங்கக்கா வேலை செய்யும்போது முகத்தைப் பூட்டிக்கிறாங்க. ஒன்பது நாளும் சாவி கிடைக்கல" என்றார். அது பொய் என்று உன்னால் சொல்ல முடியுமா? அம்மா இறந்த அன்றுகூட நீ அழாமல் பாத்திரம்தான் தேய்த்தாய்.

நான் வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: அவர் என் பக்கம் திரும்பியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் வீட்டில் எப்போதும் "போடிலைப் பார், போடிலின் கையைப் பார், அந்த ஒற்றை மாட்டிலிருந்து எவ்வளவு வெண்ணெய் எடுக்கிறாள் பார்" என்பதுதான். நான் பதினைந்து வயதில் தொப்பிக் கடைக்கு வந்ததே அதைக் கேட்டு அலுத்துப்போய்த்தான்.

தலைத்துணியை நானே துவைத்துக்கொண்டேன். புளித்த பால் நாற்றம்.

உன் சிசெல்


ஸ்வெண்ட்போர்க்
1875 ஏப்ரல் 19

அக்கா,

கிறிஸ்துமசுக்கு எழுதியதற்கும் நீ பதில் போடவில்லை. இந்தக் கடிதத்தையாவது கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

படம் தலைநகரில் கண்காட்சியில் இருந்ததாம். பிர்கவாங் மாளிகைச் சீமாட்டி அதை வாங்கிவிட்டாளாம். வாங்கியவள் ஓவியரிடம், "இந்தப் பெண் நிஜமா இருக்காளா? எங்க பாலறைக்கு இப்படி ஒருத்திதான் வேணும்" என்று கேட்டிருக்கிறாள். அவர் என் பெயரையும் கடை விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று முத்திரை வைத்த கடிதம் வந்தது. மே முதல் தேதி, எல்லோரும் வேலை மாறும் நாளில், நான் பிர்கவாங் பாலறைத் தலைவியாகச் சேர வேண்டுமாம். எண்பது பசு! தனி அறை, எனக்குக் கீழே இரண்டு பெண்கள்.

சரி என்று எழுதிவிட்டேன்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஆனால் எனக்கும் இருபத்தைந்து ஆகிறது. இன்னும் அடுத்தவர் தலைக்கு ரிப்பன் தைத்துக்கொண்டிருக்கிறேன். எப்படிச் செய்வது என்று எழுது, அக்கா. உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

சிசெல்


நோர்பி பண்ணை
1875 ஏப்ரல் 24

சிசெல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பிசையும் தொட்டியில் கையை வைத்தேன். வெண்ணெய் உருகிவிட்டது. அவ்வளவு சூடு.

பாலறைத் தலைவி! பதினொரு வருஷம் நான் இங்கே கல்தரையில் நின்று கால் வீங்கியிருக்கிறேன். பிர்கவாங் போல ஒரு இடத்திலிருந்து கூப்பிட மாட்டார்களா என்று ஒவ்வொரு ஏப்ரலும் பார்ப்பேன். உனக்குத் தெரியாது, யாரிடமும் சொன்னதில்லை. கூப்பிட்டார்கள், உன்னை. பாலுக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள மோந்து பார்க்கிறவளை.

கேட்டாயே, எழுதுகிறேன். எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவு, பிறகு குளிர்ந்த நீரில். கடையும் பீப்பாயையும்தான், உன் நகத்தையும்தான். ஆடையை எடுக்கும்போது கீழே இருக்கும் பாலை அசைக்காதே. எடுத்த ஆடையில் நேற்றைய மோரைக் கொஞ்சம் விட்டு உறையவிடு. முழங்கையை நனைத்துப் பார், குளிரவும் கூடாது, சுடவும் கூடாது. கடையும் சத்தம் கனத்துப்போகும்போது நிறுத்து. அது காதுக்குத் தெரிய வேண்டும்; கடிதத்தில் காதை அனுப்ப முடியாது.

மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள். முகம் இருக்கிறதே, அது போதாதா?

போடில்


பிர்கவாங்
1875 ஜூன் 17

அக்கா,

வெண்ணெய் சரியாக வரவில்லை. மே மாதம் பரவாயில்லாமல் இருந்தது. வெயில் ஏறியதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் பால் புளித்துப்போகிறது. ஆடை மெலிசாக நிற்கிறது. கடைந்தால் வெண்ணெய் களிம்புபோல இளகி, ஒரு மாதிரிக் கசப்போடு வருகிறது. நீ சொன்னபடிதான் எல்லாம் செய்கிறேன். தோல் உரிகிற அளவுக்குப் பாத்திரம் கழுவுகிறேன்.

இடம் அழகு, அக்கா. சீமாட்டி பாலறையைப் படத்தில் இருப்பதுபோலவே மாற்றிவிட்டாள். சுவருக்கு வெள்ளை அடித்து, தெற்குச் சன்னலுக்கு வெளியே இருந்த ஹில்டு மரத்தை வெட்டி, பலகைகளைத் திறந்து வைத்திருக்கிறாள். விருந்தாளிகள் மதியச் சாப்பாடு முடிந்ததும் வருவார்கள். நான் நீலத் துணி கட்டிக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவே வெயிலில் நிற்க வேண்டும். "அப்படியே படம்!" என்பார்கள். படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்களாம், அங்கே கூப்பிட்டால் ஒழிய எங்களுக்குப் போக அனுமதி இல்லை.

எனக்கு முன்னால் இருந்த தலைவி ஏப்ரலில் சீமாட்டியோடு சண்டை போட்டுவிட்டுப் போனாளாம். எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. எனக்குக் கீழே இருக்கும் இரண்டு பெண்களும் சொன்னதைச் செய்வார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். அவள்தான் ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போனாளோ? கண் பட்டிருக்குமோ? சொல், அக்கா.

சிசெல்


நோர்பி பண்ணை
1875 ஜூன் 23

அன்புத் தங்கைக்கு,

கண் பட்டிருக்கலாம். அத்தனை பேர் வந்து பார்க்கிறார்களே. சிவப்புப் பழம் காய்க்கும் ரோன் மரத்திலிருந்து ஒரு குச்சி ஒடித்துக் கடையும் பீப்பாயில் செருகு. பீப்பாய்க்கு அடியில் ஒரு இரும்புக் கத்தி வை. கடையும்போது யாரோடும் பேசாதே. இங்கே எல்லோரும் செய்வதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா போடில்


பிர்கவாங்
1875 ஜூலை 13

அக்கா,

ரோன் குச்சி வைத்தேன். கத்தி வைத்தேன். ஒன்று போதாதோ என்று மூன்று வைத்தேன். குச்சியைத் தலையணைக்கு அடியிலும் வைத்துப் படுத்தேன். கடையும்போது பேசாமல் இருந்து இருந்து அந்த இரண்டு பெண்களும் எனக்குப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள்.

கப்பலுக்குப் போன வெண்ணெயில் இரண்டு பீப்பாய் திரும்பி வந்துவிட்டது. மூடியில் சுண்ணாம்பால் ஒரு பெரிய பெருக்கல் குறி. முற்றத்தில் இறக்கி வைத்தபோது வண்டிக்காரன், "வண்டி அச்சுக்குத் தடவலாம், நல்லா ஓடும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சீமாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு திரும்பி வந்துச்சுன்னா, உன் புத்தகத்துல நான் உள்ளதை உள்ளபடி எழுதிடுவேன்" என்றாள்.

வேலைக்காரிப் புத்தகம் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு கெட்ட வரி ஏறினால் பாதிரியார் கையெழுத்துப் போடும்போது படிப்பார், அடுத்த எஜமானி படிப்பாள், சாகிற வரை ஒவ்வொருத்தியும் படிப்பாள். தொப்பிக் கடையில்கூட மறுபடி சேர்க்க மாட்டார்கள். பன்றிக் கொட்டில்தான்.

நான் உன் இடத்துக்கு ஆசைப்பட்டது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். என்ன செய்வது என்று மட்டும் சொல்.

சிசெல்


நோர்பி பண்ணை
1875 ஜூலை 16

சிசெல்,

தெற்குச் சன்னலை மூடு. இந்தக் கடிதத்தை முழுக்கப் படிப்பதற்கு முன் எழுந்து போய் மூடு.

மூடிவிட்டாயா? இனிச் சொல்கிறேன்.

பாலறைக்குள் வெயில் வரக் கூடாது. பால் புளிப்பதும் ஆடை மெலிவதும் வெண்ணெய் இளகுவதும் அதனால்தான். இங்கே ஆறு தொட்டி திரிந்ததும் அதனால்தான், போன வருஷமே எழுதினேன், நீ மறந்துவிட்டாய். ஹில்டு மரத்தைப் பாலறை ஓரத்தில் நட்டதே நிழலுக்கும், ஈ வராமல் இருப்பதற்கும். பழைய தலைவி எதற்குச் சண்டை போட்டிருப்பாள் என்று உன் ஜூன் கடிதத்தைப் படித்த மறு நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பால்காரிக்கும் தெரியும். மூடியே கிடக்க வேண்டிய சன்னலை அந்த ஓவியர் திறந்தார், அதைப் பார்த்து உன் சீமாட்டி திறந்தாள்.

தெரிந்தும் நான் ரோன் குச்சி என்று எழுதினேன். 'அன்புத் தங்கைக்கு' என்று வேறு ஆரம்பித்தேன். நான் உனக்கு அப்படி எப்போது எழுதியிருக்கிறேன்? அதிலேயே நீ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஏன் செய்தேன் என்று கேட்காதே, உனக்குத் தெரியும். வெயிலில் நிற்கிறேன், "அப்படியே படம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் என் வயிறு எரிந்தது. உன் வெண்ணெய் கெடட்டும், அந்த முகத்தை வைத்து என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்று இருந்தேன். கெட்டது. வண்டிக்காரன் சிரித்ததைப் படித்தபோது நானும் சிரிப்பேன் என்று நினைத்தேன். வரவில்லை. புத்தகம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பகலில் பலகையை மூடி, வெளியே ஈரச் சாக்கு தொங்கவிடு. வடக்குச் சன்னலை மட்டும் திற. புளித்த தொட்டிகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவை. பழைய புளிப்பு மரத்துக்குள் இருக்கும். விருந்தாளி வந்தால் இருட்டில் பார்க்கட்டும்.

என்னை மன்னிக்காதே. ஆனால் மூடு.

போடில்


பிர்கவாங்
1875 ஆகஸ்ட் 5

போடில்,

அக்கா என்று எழுத இரண்டு வாரம் வரவில்லை, அதனால்தான் தாமதம். இப்போதும் வரவில்லை, பார்.

தலையணைக்கு அடியில் குச்சி வைத்துப் படுத்தேனே! அந்தக் குச்சியை உன்னிடம் அனுப்பி உன் சூப்பில் போடச் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஆனால் மூடினேன். ஆறாம் நாள் ஆடை கத்தியால் வெட்டுகிற அளவுக்குக் கட்டியாக நின்றது. வெண்ணெய் மஞ்சளாக, கெட்டியாக வந்தது. இரண்டு பெண்களில் ஒருத்தி, "இதைத்தான் பழைய அம்மாவும் சொன்னாங்க" என்று முதல் தடவையாக வாயைத் திறந்தாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே" என்றாள்.

போன ஞாயிறு விருந்தாளிகள் வந்தார்கள். பாலறை இருட்டு. சீமாட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "சன்னலைத் திற" என்றாள். "மாட்டேன், பால் கெட்டுப்போகும்" என்றேன். எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நீ பேசுவதுபோல இருந்தது. "படத்துல திறந்துதானே இருக்கு? வா, வந்து பாரு!" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டுக் கூடத்தில் நிறுத்தினாள்.

அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். தொட்டிகள், வெளிச்சம், என் நீலத் துணி, என் முகம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அது யாரோபோல இருந்தது. பிறகு கீழே பார்த்தேன். ஆடை எடுக்கும் கரண்டியைப் பிடித்திருக்கும் கை. உப்பில் வெடித்த விரல். இடது மணிக்கட்டுக்கு மேலே வெந்த தழும்பு. அவர் உன் முகத்தைத்தான் வழித்திருக்கிறார், போடில். கையைத் தொடவே இல்லை. நின்ற அந்த ஒன்றரை மணி நேரமும் என்னைக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"சன்னல் படத்துல திறந்திருக்கலாம். ஆனா படத்துல இருக்கிறதும் கெட்டுப்போன பால்தான்" என்று எதையோ உளறினேன். சீமாட்டி என்னையே பார்த்தாள். "நான் அந்தக் கையைப் பாத்துத்தான் உன்னை வேலைக்கு எடுத்தேன். முகத்தைப் பாத்தா பாலறைக்கு ஆள் எடுப்பாங்க? சட்டைக்கையை ஏத்து" என்றாள்.

தழும்பு ஆறிப்போச்சு என்று சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன், உடனே ஒரு வீம்பு வந்தது. ஒரு தடவையாவது நான் உன்னைவிட நல்லவளாக இருக்க வேண்டும். சட்டைக்கையை ஏற்றினேன். வெள்ளைக் கை. "இது எங்கக்கா கை. நோர்பி பண்ணையில இருக்கா. பேரு போடில்" என்றேன்.

சீமாட்டி விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். மறுநாள் கூப்பிட்டாள். நவம்பர் முதல் தேதி வரை நான் இருக்கலாமாம், வெண்ணெய் இப்படியே வந்தால். அதற்குப் பிறகு நீ வர வேண்டுமாம். உனக்கு அவளே தனியாக எழுதுவாள். என் புத்தகத்தில் எழுதியும் விட்டாள்: 'நேர்மையானவள். வெண்ணெய் தெரியாது.' அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு போய் ஆடை எடுத்தேன்.

வா. வரும்போது என்னோடு பேசாதே. அடுத்த வருஷம் பேசலாம்.

சிசெல்


பிர்கவாங்
1875 நவம்பர் 14

சிசெல்,

பேசாதே என்றாய், பேசவில்லை. நீ வண்டியில் ஏறியபோது நானும் தலையை மட்டும்தான் ஆட்டினேன். எழுதாதே என்று நீ சொல்லவில்லை.

தொட்டிகளைச் சுத்தமாக வைத்திருந்தாய். உப்புத் தொட்டிகூட மூடியிருந்தது. இதைச் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

தெற்குச் சன்னலுக்கு ஆணி அடித்துவிட்டேன். சீமாட்டி நின்று பார்த்துவிட்டுப் போனாள். ஹில்டு மரத்தின் அடிக்கட்டையில் நாலு துளிர் எட்டிப் பார்க்கிறது. குளிர் தாங்குமோ தாங்காதோ, வைக்கோல் சுற்றியிருக்கிறேன்.

படத்தைப் பார்த்தேன். அவர்களாகக் கூப்பிடும் வரை காத்திருக்கவில்லை. வெண்ணெய் கொண்டுபோகிற சாக்கில் நானே போனேன். கை என்னுடையதுதான். பிடித்திருக்கும் விதமும் சரி. அந்த மனிதர் ஒன்பது நாளும் என்னைப் பார்க்கவில்லை என்று ஒன்றரை வருஷமாக மனசில் வைத்துப் புழுங்கினேன், பார்த்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். அழகாகத்தான் இருக்கிறாய். என் முகம் அங்கே இருந்திருந்தால் அந்தப் படத்தை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். இது எனக்கு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை.

அதைவிட அந்தப் புத்தக வரி. என் புத்தகத்தில் பதினொரு வருஷமும் 'சுறுசுறுப்பானவள்' என்றுதான் இருக்கிறது. 'நேர்மையானவள்' என்று யாரும் எழுதவில்லை. எழுதினால் நான் அழித்திருப்பேன், உன்னை அந்தக் குச்சியை வைக்கச் சொன்னவள் என்ற முறையில். அதிலும் எனக்குப் பொறாமைதான். தொப்பிக் கடையில் உன்னை மறுபடி சேர்த்துக்கொண்டது அந்த வரியால் என்று கேள்விப்பட்டேன்.

கிறிஸ்துமசுக்கு வா. எனக்குத் தனி அறை இருக்கிறது, கட்டில் இருவருக்கும் போதும். நீலத் துணியை மட்டும் கட்டிக்கொண்டு வராதே, நான் மனுஷிதான்.

விருந்தாளிகள் இன்னும் வருகிறார்கள். இருட்டில் தட்டுத்தடுமாறி நின்று, கூடத்தில் பார்த்த படத்தை நினைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். நேற்று ஒரு கிழவர், "படத்துல இருக்கிற பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டார்.

சட்டைக்கையை ஏற்றிக் காட்டினேன். "முகம் ஸ்வெண்ட்போர்க்ல தொப்பி தைக்குதுங்க. முழங்கைக்குக் கீழே நான்தான்" என்றேன்.

போடில்